மாப்பிள்ளையின் அறுபது: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

மாப்பிள்ளையின் அறுபதாம் நிறைவை அவருக்கே தெரியாமல் திருக்கடையூரில் நடத்திவிட வேண்டும் என்று நீ எழுதியிருந்ததைப் படித்தேன். கோயிலுக்குப் போய்வரலாம் என்று சொல்லிக் காரில் ஏற்றிவிட வேண்டும், இறங்கியதும் மொத்தக் குடும்பமும் வாசலில் நிற்க வேண்டும் என்ற உன் ஆசை எனக்குப் பிடித்திருக்கிறது. உன்னைப் போலவே யோசிக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டுமே என்றுதான் இந்தப் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். மாப்பிள்ளை செய்தித்தாளைத் தவிர வேறெதையும் படிப்பதில்லை என்ற துணிச்சலும் ஒரு காரணம்.

முதலில் நாளைப் பற்றிச் சொல்கிறேன். மாப்பிள்ளைக்கு மூன்று பிறந்தநாள்கள் இருப்பது உனக்கு நல்லதாகப் போயிற்று. பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் வயதைக் கூட்டிப் போட்ட ஜூன் மாதத் தேதிதான் சான்றிதழில் இருக்கிறது; அலுவலகத்தில் கேக் வெட்டுவதும் முகநூலில் வாழ்த்துகள் குவிவதும் அன்றைக்குத்தான். தமிழ்நாடு அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 2021-இல் 60 ஆக்கியதால், அவருடைய பணி நிறைவும் அந்தத் தேதியை ஒட்டி 2026 ஜூன் 30 அன்று வந்துவிடும். சந்தன மாலையும் சால்வையும் பாராட்டுரையும் அன்றோடு முடிந்துபோவதால், தன் அறுபது கொண்டாடப்பட்டுவிட்டது என்றே அவர் எண்ணிக்கொள்வார். இரண்டாவது, உன் மாமியார் குறித்து வைத்திருக்கும் உண்மையான ஆகஸ்ட் தேதி. மூன்றாவது, நட்சத்திரப் பிறந்தநாள். சஷ்டியப்த பூர்த்திக்குக் கணக்கு இந்த மூன்றாவதுதான்: பிறந்த தமிழ் ஆண்டும் மாதமும் நட்சத்திரமும் மறுபடி ஒன்றுகூடும் நாள். அவர் பராபவ ஆண்டு ஆவணியில் பிறந்தவர். வியாழன் ஒரு சுற்றுச் சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டுகளும் சனிக்கு ஏறத்தாழ 30 ஆண்டுகளும் ஆவதால், இரண்டும் அவர் பிறந்தபோது இருந்த இடத்துக்கு ஒருசேரத் திரும்ப 60 ஆண்டுகள் பிடிக்கின்றன. 1966-இல் பிறந்த பராபவ, 2026 சித்திரையில்தான் மறுபடி பிறக்கிறது. ஒரே மாதத்தில் அந்த நட்சத்திரம் இரண்டு முறை வந்தால் பெரும்பாலும் பிந்தியதையே எடுத்துக்கொள்வார்கள் என்றாலும், நம் குடும்பப் புரோகிதரிடம் கேட்டு உறுதி செய்துகொள். பஞ்சாங்கத்தைப் புரட்டும் பழக்கம் மாப்பிள்ளைக்கு இல்லாததால், அந்த நாள் அவர் நினைவில் தட்டுப்படவே போவதில்லை.

இவ்வளவு தூரம் உன் திட்டத்துக்கு ஆதரவாகப் பேசிவிட்டு, அடுத்ததைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. நாளை மறைக்கலாம், சடங்கை மறைக்கக் கூடாது. யமனைக் காலால் உதைத்து மார்க்கண்டேயரைக் காத்த காலசம்ஹாரமூர்த்தியின் சந்நிதி என்பதால்தான் ஆயுளுக்காக வேண்டிக்கொள்ள அங்கே போகிறோம். வேண்டிக்கொள்கிறவர் தானே வாய்விட்டுச் சங்கல்பம் செய்ய வேண்டும். எங்கே வந்திருக்கிறோம், எதற்கு உட்கார்ந்திருக்கிறோம் என்றே புரியாத ஒருவரை ஹோம குண்டத்தின் முன் உட்கார வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவருடைய உடம்பையும் யோசிக்க வேண்டும். விடிகாலையில் எழுந்து, சர்க்கரை மாத்திரையை எப்போது போடுவது, எப்போது சாப்பிடுவது என்று தெரியாமல் புகையில் உட்கார்ந்திருப்பது அவருக்கு ஆகாது. ஹோமம் முடிந்ததும் கலசாபிஷேகம் இருக்கிறது: நூல் சுற்றிய கலசங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிள்ளைகளும் உறவினர்களும் உங்கள் இருவர் தலையிலும் நீரை ஊற்றுவார்கள், வேட்டி உடம்போடு ஒட்டிக்கொள்ள, கண்ணாடியைக் கழற்றி யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் மனிதர் தவித்துப்போவார். பக்கத்திலேயே வேறு பல தம்பதிகளுக்கும் அதே நேரத்தில் இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும். கூச்ச சுபாவம் உள்ளவர் இதற்கு மனத்தளவில் தயாராகி வர வேண்டும். ஆகவே ஆடி மாதத்திலேயே, "ஆவணியில் நாம் இருவரும் பிள்ளைகளும் மட்டும் திருக்கடையூர் போய் எளிமையாகச் செய்துகொள்வோம்" என்று சொல்லிவிடு. அவர் சம்மதிக்கட்டும். சம்மதிக்காவிட்டால் கட்டாயப்படுத்தாதே, அபிராமி சந்நிதியில் ஓர் அர்ச்சனையோடு நிறுத்திக்கொண்டு, விருந்தை மட்டும் ரகசியமாக வைத்துக்கொள்ளலாம்.

மறைக்க வேண்டியது ஆட்களை. நான்கு பேர் மட்டும் என்று நம்பி வருகிறவருக்கு, மண்டபத்து வாசலில் அவருடைய அக்காவும், ஒன்றாகப் படித்த விடுதி நண்பர்களும், அவர் முதன்முதலில் வேலை பார்த்த அலுவலகத்தின் பழைய மேலாளரும் நிற்பதைவிடப் பெரிய பரிசு கிடையாது. இதற்குப் பத்திரிகை அடிக்காதே, வாட்ஸாப் குழுவில் போடாதே. குடும்பக் குழுவில் போட்டது அரை மணி நேரத்தில் அவருக்கே "மாப்பிள்ளை, வாழ்த்துகள்" என்று திரும்பி வந்துவிடும். ஒவ்வொருவரையும் தொலைபேசியில் நீயோ நானோ அழைத்துச் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் முதல்நாள் மயிலாடுதுறையிலேயே தங்கிக்கொள்ளட்டும். அங்கிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரம்தான். திருக்கடையூரில் அறை போட்டால் முதல்நாள் மாலை தேநீர்க் கடையிலேயே அவர் கண்ணில் பட்டுவிடுவார்கள். நீங்கள் நால்வரும் அன்று மாலை தரங்கம்பாடிக்குப் போய்விடுங்கள். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையைப் பற்றி அவர் உங்களுக்கு ஒரு மணி நேரமாவது வகுப்பு எடுப்பார், அதற்குள் இங்கே வேலைகள் முடிந்துவிடும்.

பணத்தில்தான் குட்டு வெளிப்படும். உங்கள் கூட்டுக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய் எடுத்தாலும் குறுஞ்செய்தி அவர் கைப்பேசிக்குப் போகிறது. மண்டபம், சமையல், ஹோமம் எல்லாவற்றுக்கும் முன்பணத்தை நான் கட்டிவிடுகிறேன், பின்னால் கணக்குப் பார்த்துக்கொள்வோம். ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் முகூர்த்தங்கள் நெருக்கியடித்து வரும் என்பதால் இப்போதே பேசி வைப்பது நல்லது.

உன்னைப் பற்றி நீ யோசிக்கவேயில்லை. நீ அனுப்பிய பட்டியலில் மாலை வாங்குவது, பந்தி கவனிப்பது, தாம்பூலப் பை போடுவது என எல்லாவற்றுக்கும் எதிரே உன் பெயர்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு மணையில் உட்காரப் போகிற இருவரில் நீயும் ஒருத்தி. உன் கழுத்தில்தான் அவர் மறுபடி தாலி கட்டப் போகிறார். கல்யாணப் பெண் சாம்பாருக்கு உப்புச் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? அறுபதாம் கல்யாணம் பிள்ளைகள் பெற்றோருக்குச் செய்து வைப்பது. பந்தியை மகனிடமும் வரவேற்பை மகளிடமும் விட்டுவிடு. ஏதாவது குறை வரும். வரட்டும், நீ எழுந்து போகாதே. முக்கியமாக, காலையிலிருந்து உன் கைப்பேசி உன் மகளிடம் இருக்க வேண்டும்.

மாப்பிள்ளையின் ஜாதகப் பிரதியையும் அழைக்க வேண்டியவர்களின் தொலைபேசி எண்களையும் இந்த வாரத்துக்குள் அனுப்பி வை. பிறந்த வீட்டுச் சீரான வேட்டியும் புடவையும் திருமாங்கல்யமும் எங்கள் பொறுப்பு. உன் அண்ணி ஏற்கெனவே கடைக்குப் போய்வந்துவிட்டாள். புடவை என்ன நிறம் என்று மட்டும் எங்கள் இருவரையும் கேட்காதே, சொல்லப் போவதில்லை.

அன்புடன்,
அண்ணன்