கையை ஆட்டியே பேசு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை உன் நண்பனைப் பற்றிப் பேசும்போது, "அவன் ரொம்ப நெளிவான்பா, அவனோட வெளியே போனா என்னையும் ஒரு மாதிரி பாக்குறாங்க. நான் அப்படி இல்லையே" என்றாய். போனை வைத்த பிறகு தூக்கமே வரவில்லை. அது நான் உனக்குக் கற்றுக்கொடுத்த பேச்சு.

உனக்கு எட்டு வயது இருக்கும். விருந்தாளிகள் முன்னால் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாய். மணிக்கட்டு வளைந்து, விரல் விரிந்து, கையும் சேர்ந்து கதை சொன்னது. அந்த மணிக்கட்டை அழுத்திப் பிடித்து, "ஆம்பளப் பையனா பேசு" என்றேன். கதை பாதியிலேயே நின்றுவிட்டது. இப்போதும் வீடியோவில் பேசும்போது இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாய்.

அப்புறம், நீ தன்பாலீர்ப்பாளன் என்று சொன்ன அன்று, "பார்த்தால் தெரியாது, பரவாயில்லை" என்றேன். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன். தெரிந்தால் அவமானம் என்றுதானே உன் காதில் விழுந்திருக்கும்?

டேட்டிங் செயலிகளில் 'ஆண்மையாக இருப்பவர்கள் மட்டும்', 'நளினம் வேண்டாம்' என்று ஆண்களை விரும்பும் ஆண்களே எழுதுவதாக நீதான் சொன்னாய். யாரைப் பிடிக்கிறது என்பது அவரவர் விருப்பம், சரி. ஆனால் ஒரு கூட்டத்தையே வராதே என்று வாசலில் எழுதி வைப்பதை எப்படி விருப்பம் என்று சொல்வது? பள்ளிக்கூடத்தில் அவர்களைக் கேலி செய்தவர்களும் இதையேதான் சொன்னார்கள்.

உன்னால் மறைத்துக்கொள்ள முடிகிறது. யாரிடம் எப்போது சொல்வது என்று நீ முடிவு செய்கிறாய். வேலை, வாடகை வீடு, பாதுகாப்பு என்று எத்தனையோ இருக்கிறது, அதை நான் குறை சொல்லவே மாட்டேன். உன் நண்பனுக்கு அந்த வசதி கிடையாது. அவன் வாய் திறக்கும் முன்பே நடை சொல்லிவிடுகிறது, முதல் அடியும் அவனுக்குத்தான் விழுகிறது. 1969 ஜூனில் நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் ஸ்டோன்வால் மதுக்கூடத்துக்குள் போலீஸ் புகுந்தபோது எதிர்த்து நின்றவர்களில் பெண்ணுடை அணிந்தவர்களும் நளினமான இளைஞர்களும் இருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்ததே 1990இல்தான். அதற்கு 21 வருடம் முன்பே அவர்கள் தெருவில் நின்றுவிட்டார்கள். இன்று உனக்குக் கிடைத்திருக்கும் கொஞ்ச இடத்தில் அவர்கள் பட்ட அடியும் இருக்கிறது, தம்பி.

அந்த மணிக்கட்டைப் பிடித்ததற்கு என்னை மன்னித்துவிடு. அடுத்த ஞாயிறு உன் நண்பனையும் பக்கத்தில் உட்கார வை, அவனோடு பேச எனக்கு ஆசையாக இருக்கிறது. அன்று பாதியில் விட்ட கதை நினைவிருந்தால், கையை வெளியே எடுத்துச் சொல்.

அன்புடன்,
அப்பா