குதிரையின் காயத்துக்கு முதலில் வேண்டியது உப்புத் தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் கோயில் திருவிழாக்களையொட்டி நடைபெறும் குதிரைவண்டிப் பந்தயங்களில் எந்த வண்டி முந்தியது, பரிசு எவ்வளவு என்பதெல்லாம் நாளிதழ்களில் வருகின்றன. ஓடிய குதிரைக்குப் பட்ட காயத்தையும், அதற்கு நம் ஊரில் செய்யப்படும் கைவைத்தியத்தையும் பற்றி எழுத விரும்புகிறேன். ஜட்கா ஓட்டிய குடும்பத்தில் பிறந்து, கொள்ளு ஊறவைத்துப் பழகியவன் நான். மற்றதெல்லாம் கால்நடை மருத்துவரின் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டது.

சென்ற ஆண்டு எங்கள் பக்கத்துப் பந்தயம் ஒன்றில், வளைவில் இரு வண்டிகள் உரசியதில் ஒரு குதிரையின் பின்னங்காலில் முட்டிக்குக் கீழே நான்கு விரல் நீளத்துக்குத் தோல் கிழிந்து தொங்கியது. இளைஞர்கள் பதறிப்போய் அன்போடுதான் ஓடிவந்தார்கள். ஒருவர் கையில் மஞ்சள்தூள், இன்னொருவர் கையில் டிராக்டரில் வடித்த கழிவு எண்ணெய். இரண்டையும் குழைத்து அப்பியதும் சாலையின் மணலும் லத்தியும் உள்ளேயே தங்கிவிட்டன. டீக்கடையில் ஆறவைத்திருந்த கொதிநீரில் உப்பைக் கரைத்து, தண்ணீர் பாட்டிலில் நிரப்பி, மூடியில் கோணி ஊசியால் துளையிட்டுப் பீய்ச்சினோம். முதலில் கறுப்பாகவும் பிறகு செம்மண் நிறமாகவும் வழிந்த நீர் ஐந்தாவது பாட்டிலில்தான் தெளிந்தது. அப்போதுதான் சதைமடிப்புக்குள்ளிருந்து அரிசி அளவு ஜல்லிச் சில்லு ஒன்று வெளியே விழுந்தது.

உப்பின் அளவு லிட்டருக்கு 9 கிராம், அதாவது தூளுப்பில் ஏறத்தாழ ஒன்றரைத் தேக்கரண்டி. ரத்தத்தின் உப்புத்தன்மைக்கு நெருங்கியதாக இருப்பதால் இந்த நீர் சதையைப் புண்படுத்துவதில்லை. நுரைத்துப் பொங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு அழுக்கைப் பிடுங்குவதுபோலத் தோன்றினாலும், புண் ஆறுவதற்கு வேண்டிய புதுத் திசுவையும் சேர்த்தே அரிக்கிறது. கடையில் கிடைக்கும் 10 சதவீத பொவிடோன் அயோடின் என்னும் கிருமிநாசினியைக்கூட அப்படியே ஊற்றாமல், ஒரு லிட்டர் நீருக்கு 10 மில்லி வீதம், வெளிறிய கட்டன் சாயா நிறத்துக்கு வரும்படி கலந்துதான் கழுவ வேண்டும். ரத்தம் பெருகினால் மட்டும் கழுவுவதைத் தள்ளிவைத்துச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

குதிரையின் முட்டிக்குக் கீழே தசை இல்லை. தோலும் தசைநாணும் எலும்பும்தான். அங்கே பட்ட காயம் மெதுவாகத்தான் ஆறும். பல சமயம் புண்ணின் விளிம்பைத் தாண்டிச் சிவந்த சதை காலிஃபிளவர் போலப் பூத்து நின்று, தோல் மூடவிடாமல் தடுத்துவிடும். சுண்ணாம்பும் துருசும் (மயில்துத்தம்) வைத்து அதைக் கரிப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். அந்தச் சதையில் உணர்வு நரம்பு இல்லாததால் குதிரை துள்ளுவதில்லை, அதையே மருந்து வேலை செய்வதாக எண்ணிக்கொள்கிறார்கள். மருத்துவர் கத்தியால் சீவிக் கட்டுப்போட்டால்தான் அது அடங்கும்.

மூட்டுக்கு அருகே காயம்பட்டு, முட்டை வெள்ளைக்கரு போன்ற பிசுபிசுப்பான மஞ்சள் நீர் கசிந்தால், துளை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. தையல் போட வேண்டிய காயத்தையும் ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் காட்டிவிடுவது நல்லது. ரணஜன்னி என்னும் டெட்டனஸ் நோய்க்குக் குதிரையைப் போல எளிதில் ஆளாகும் வீட்டு விலங்கு வேறில்லை. அக்கிருமி மண்ணிலும் குதிரை லத்தியிலுமே இருக்கிறது. லாட ஆணி ஏறிய சின்னத் துளையே அதற்குப் போதும். முன்கூட்டித் தடுப்பூசி போட்டிருந்தால் இந்த அச்சம் பெரும்பாலும் இல்லை.

1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், புண்பட்டு வேலைக்குத் தகுதியற்ற விலங்கிடம் வேலை வாங்குவதைக் குற்றமாகவே சொல்கிறது. ஆனாலும் அடுத்த முகூர்த்தத்தில், சேணப்புண் ஆறாத குதிரையின்மேல் பட்டுத்துணியைப் போர்த்தி மாப்பிள்ளை அழைப்புக்கு நிறுத்திவிடுகிறோம். அய்யனாருக்கு மண்குதிரை சுமந்து புரவி எடுப்பு நடத்தும் சீமை இது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

விழாக்குழுவினர் பந்தய எல்லையில் ஒரு டிரம் கொதித்து ஆறிய நீர், தூளுப்பு, சுத்தமான கட்டுத்துணி ஆகியவற்றை வைப்பதோடு, டெட்டனஸ் தடுப்பூசிச் சான்று இல்லாத குதிரையை ஓடவிடாமலும் இருக்க வேண்டும். கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962 என்ற எண்ணைப் பந்தயத் துண்டறிக்கையில், பரிசுத் தொகைக்குப் பக்கத்திலேயே அச்சிடும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கானாடுகாத்தான்