அஜெண்டா யார் எழுதுவது?

அன்புள்ள கருணா,

இரண்டு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா?

எந்தச் சிகிச்சைக்குப் பணம் ஒதுக்குவது என்று முடிவு செய்யும் உங்கள் கமிட்டியைப் பற்றி, "நோயாளியைக் கமிட்டியில் உட்காரவைத்தால் எல்லாம் வேண்டும் என்பான், கணக்கு உதைக்கும்" என்று எழுதியிருந்தாய். அப்படியே உங்கள் கமிட்டி சுந்தரம் சார் குரல்! தாய்லாந்தைப் பாரடா. அங்கே 2002 சட்டப்படி சுகாதாரக் காப்பீட்டு வாரியத்தின் 30 இடங்களில் 5 மக்கள் அமைப்புகளுக்கு. ஆரம்பத்தில் அந்தத் திட்டத்தில் டயாலிசிஸ் கிடையாது, செலவு தாங்காது என்று விட்டுவிட்டார்கள். பின்னால் வந்த பொருளாதார ஆய்வும் போடுகிற பணத்துக்குப் பலன் போதாது என்றே சொன்னது. சிறுநீரக நோயாளிகள் சங்கமாகச் சேர்ந்து வைத்தது வேறு கணக்கு: சிகிச்சைக்கு விற்ற நிலம், வட்டிக்கு வாங்கிய கடன். ஆய்வுத் தாளில் அந்தக் கணக்குக்கு இடமே இல்லை. 2008-ல் டயாலிசிஸ் சேர்ந்தது, முதலில் வயிற்று டயாலிசிஸ்தான் என்ற நிபந்தனையோடு. மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது ரத்த டயாலிசிஸ்; வயிற்றுக்குள் குழாய் வழியே திரவம் ஏற்றி, வீட்டிலேயே செய்துகொள்வது இது.

அந்த நிபந்தனையில்தான் கிடக்கிறது விஷயம். தினம் நான்கு முறை, முறைக்கு இரண்டு லிட்டர் திரவம். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, மாஸ்க் கட்டி, கை கழுவி, பழையதை வடித்துப் புதியதை ஏற்ற அரை மணி நேரம். வடிந்தது கலங்கலாக இருந்தால் தொற்று. அந்தப் பையோடேயே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மெஷின் தொலைவில் இருக்கிற கிராமத்தானுக்கு இது வரம். ஒரே அறையில் ஆறு பேரோடு இருக்கிறவனுக்கு? பார்வை மங்கிய சர்க்கரை நோயாளிக்கு? அப்போது மருத்துவக் காரணம் இல்லாமல் ரத்த டயாலிசிஸ் கேட்டால் சொந்தச் செலவு. டாக்டரோடு பேசி நோயாளியே தேர்ந்தெடுக்கலாம் என்றானது 2022-ல்தான்; 2025-ல் புது நோயாளிகளுக்கு மறுபடி வயிற்று டயாலிசிஸ்தான் முதலில் என்றாகிவிட்டது. ஆளுக்கு ஆள் வீடு வேறு என்பதை எந்த விலைப்பட்டியலும் சொல்லாது.

எனக்கு அதைவிடப் பிடித்தது, அங்கே திட்டத்தில் சேர்க்க எந்தச் சிகிச்சையை ஆராயலாம் என்று முன்மொழியும் ஏழு தரப்புகளில் நோயாளிகளும் ஒன்று, சாதாரண மக்களும் ஒன்று. அவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கும் ஆறு அளவுகோல்களில் குடும்பத்துக்கு ஆகும் செலவும் உண்டு.

உன் கட்சிக்கும் ஒரு பாயிண்ட் தருகிறேன். சங்கம் உள்ள நோய்க்குத்தான் குரல். சீக்கிரம் சாகிறவனுக்கும் மனநோயாளிக்கும் யார் கொடி பிடிப்பது? நாற்காலியை நிரந்தரமாக ஒரே சங்கத்திடம் விட்டால், அதுவே இன்னொரு வரிசை முந்தல். மருந்துக் கம்பெனிப் பணத்தில் ஓடுகிற சங்கமா என்பதையும் கேட்டே உட்காரவைக்க வேண்டும்.

உங்கள் கமிட்டியில் நோயாளியை எப்போது கூப்பிடுகிறீர்கள்? தீர்மானம் டைப் ஆனபிறகு கையெழுத்துக்கா? அஜெண்டா யார் எழுதுவது? அதை முதலில் எழுது, சுந்தரம் சாரிடம் கேட்காமல்.

அன்புடன்,
முத்து