வாசித்துப் பார்க்காமல் 'உதவாது' என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் வீட்டிலேயே செய்த ஸ்டீல் கித்தார்களின் படங்களைப் பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள். இஸ்திரி மேஜை, கழிப்பறை மூடி, பழைய கதவுப் பலகை, ஐந்து லிட்டர் எண்ணெய் டின் என்று கையில் கிடைத்த எல்லாவற்றிலும் கம்பி கட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன். ஆனால் தலைப்பிலேயே 'எதற்கும் உதவாத வாத்தியங்கள்' என்று போட்டிருக்கிறீர்களே, எழுதியவர் அதில் ஒன்றையாவது மடியில் வைத்து மீட்டிப் பார்த்தாரா, இல்லை யாராவது வாசித்தாவது கேட்டாரா? கட்டுரையை இரண்டு தரம் படித்தேன், கேட்டதாக ஒரு வரி கூட இல்லை. அது பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கித்தாரை மடியிலோ ஸ்டாண்டிலோ படுக்கப் போட்டு, இடது கையில் ஒரு இரும்புக் கட்டையைப் பிடித்துக் கம்பிகளின் மேல் வழுக்கி வாசிப்பார்கள். விரலால் கம்பியை அழுத்துகிற வேலையே கிடையாது. ஹவாய்த் தீவில் ஜோசப் கெகுகு என்ற பள்ளிக்கூடப் பையன் 1889 வாக்கில் கத்தி முதுகு, சீப்பு என்று எதையெதையோ வைத்துத் தேய்த்துப் பார்த்து, கடைசியில் பள்ளிப் பட்டறையிலேயே ஒரு இரும்புக் கட்டை செய்துகொண்டான் என்பது எல்லோரும் சொல்லும் கதை. 1915இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் ஹவாய்க்காரர்கள் வாசித்ததும் அமெரிக்கா முழுக்க இந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. நமக்கும் இது ஒன்றும் புதுசு இல்லை. திருவிடைமருதூர் சகாராம ராவ் பரப்பிய கோட்டுவாத்தியம் 21 கம்பிகளோடு, விரல் வைக்கும் மெட்டுக்களே இல்லாமல், கருங்காலிக் கட்டையை வழுக்கி வாசிப்பதுதானே?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கம்பியை அழுத்த வேண்டாம் என்று ஆகிவிட்டால், செய்பவனுக்குப் பாதித் தொல்லை போய்விடுகிறது. சாதாரணக் கித்தாரில் கழுத்தை உள்ளங்கைக்குத் தக்கபடி செதுக்க வேண்டும், மெட்டுக்களை மயிரிழை பிசகாமல் பதிக்க வேண்டும், கம்பி ரொம்ப உயரமாகவும் இருக்கக்கூடாது, தாழ்ந்து இரையவும் கூடாது. கடையில் வாங்குகிற மலிவுக் கித்தாரே இதில் பாதியில் கோட்டை விட்டுவிடும். ஸ்டீல் கித்தாரில் மெட்டுக்களுக்குப் பதில் வெறும் கோடுகள்தான், அவையும் கண்ணுக்கு வழிகாட்ட மட்டும்தான், ஒரு காகிதத்தில் வரைந்து கம்பிக்குக் கீழே ஒட்டினால் போதும். கம்பியின் நீளம் 24 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதை 17.8ஆல் வகுத்தால் முதல் கோடு சுமார் 1.35 அங்குலத்தில் விழும், மிச்ச நீளத்தை மறுபடி 17.8ஆல் வகுத்தால் அடுத்த கோடு, இப்படியே போனால் பன்னிரண்டாவது கோடு சரியாக நடுவில், 12 அங்குலத்தில் வந்து நிற்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளை கால்குலேட்டரை வைத்துக்கொண்டு போட்டுவிடும் கணக்கு.

அதனால் உருவம் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். கதவாக இருந்தால் என்ன, மேஜையாக இருந்தால் என்ன? பார்க்க வேண்டியது வேறு. கம்பிகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், ஒன்று தாழ்ந்தாலும் கட்டை அதைத் தொடாது, தொட்டாலும் கொரகொரக்கும். இரும்புக் கட்டை கீழே பலகையில் இடிக்காத அளவுக்கு உயரம் வேண்டும், ஒரு சென்டிமீட்டர் இருந்தால் தாராளம். எல்லாவற்றையும் விட, உடம்பு வளையக்கூடாது. ஆறு கம்பிகளைச் சுருதிக்கு இழுத்துக் கட்டினால் மொத்தம் 70 கிலோ அளவுக்கு இழுவை வரும், ராத்திரி பகல் எந்நேரமும் ஒரு ஆள் அதில் தொங்கிக்கொண்டிருக்கிற கணக்கு. கட்டுரையாளர் கிண்டல் செய்த கதவுப் பலகை இந்த மூன்றிலும் தேறிவிடும் என்றுதான் படத்தைப் பார்த்தால் எனக்குத் தோன்றுகிறது. தேக்கோ என்னவோ, கனமான கட்டை.

விநோதமாக இருந்தால் உதவாது என்றால், உலகத்தில் முதலில் விற்பனைக்கு வந்த எலக்ட்ரிக் கித்தார்களில் ஒன்றையே குப்பையில் போட வேண்டியதுதான். ஜார்ஜ் பீச்சம் என்பவர் உருவாக்கி ரிக்கன்பேக்கர் கம்பெனி 1932இல் விற்ற அந்த ஸ்டீல் கித்தார், தோசைக்கல்லுக்கு நீளமாகக் கைப்பிடி வைத்த மாதிரி இருக்கும், முழுக்க அலுமினிய வார்ப்பு, கம்பிகளுக்கு மேலே குதிரை லாடம் போல இரண்டு காந்தங்கள். மேடை விளக்குச் சூட்டில் அலுமினியம் விரிந்து சுருதி ஓடிவிடும் என்ற குறையும் அதற்கு இருந்தது. காப்புரிமை அலுவலகத்துக்காரர்களுக்கே இது வேலை செய்யுமா என்று சந்தேகம். என்ன செய்தார்கள் தெரியுமா? சோல் ஹூப்பி முதலிய வாத்தியக்காரர்களை வாஷிங்டனுக்கு அனுப்பி, அந்த அதிகாரிகள் முன்னாலேயே வாசித்துக் காட்ட வைத்தார்கள். 1937இல் காப்புரிமை கிடைத்தது. அரசாங்க அதிகாரிகளே வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் முடிவு சொன்னார்கள் ஐயா, உங்கள் நிருபர் போட்டோவைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

இன்னொன்று, நாம் இருக்கிற இந்தத் தென்னாப்பிரிக்காவில் உட்கார்ந்துகொண்டு டின் கித்தாரைக் கிண்டல் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஜூலுக்காரர்கள் எண்ணெய் டின்னில் செய்யும் இகோகோகோ வாசிக்கிறவர்களை இங்கே குவாசுலு-நட்டாலில் கேட்காதவர் உண்டா? கேப் பக்கம் ராம்கி என்று ஒரு பழைய வாத்தியம் உண்டு, முதலில் சுரைக்குடுக்கையில் செய்தார்கள், அப்புறம் டின்னில். 1730களில் கேப்பில் இருந்த மெண்ட்செல் என்ற ஜெர்மானியர், அது மலபாரிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் மூலம் வந்தது என்று எழுதி வைத்திருக்கிறார். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு 1860இல் டர்பனுக்குக் கப்பல் வந்ததற்கு நூறு வருஷத்துக்கும் மேல் முந்திய சங்கதி இது, பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை. கரூ என்கிற வறண்ட உள்நாட்டுப் பகுதியில் ஹன்னஸ் கூட்சியா என்று ஒரு கலைஞர், தேக்கரண்டியை வாயில் கவ்விக்கொண்டு அதையே கித்தார்க் கம்பியில் வழுக்கி வாசிப்பார், இரண்டு கையும் மீட்டுவதற்குத் தாராளமாகக் கிடைக்கும். பாடகர் டேவிட் கிராமர் அவரைப் போன்றவர்களைத் தேடிப் பிடித்து மேடைக்குக் கொண்டுவந்தார். தேக்கரண்டியை மட்டும் படம் பிடித்துப் போட்டு 'உதவாத கரண்டி' என்று எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

எங்கள் குடும்பத்திலும் ஒரு விநோதம் உண்டு, படத்தில் இருந்த இஸ்திரி மேஜைக்கு அண்ணன். மாமா சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியின் பழைய இஸ்திரி மேஜையில் எட்டுக் கம்பி கட்டி, வீணாய்ப்போன தையல் மெஷின் ஒன்றின் பெடலைக் கீழே பொருத்தி, சைக்கிள் பிரேக் கேபிளால் இரண்டையும் இணைத்திருக்கிறார். பெடலை மிதித்தால் இரண்டு கம்பிகளின் சுருதி ஏற வேண்டும், கம்பெனிகள் செய்யும் நிஜமான பெடல் ஸ்டீல் கித்தாரில் நடப்பது போல. ஏறவும் செய்தது. ஆனால் மற்றக் கம்பிகளில், சுருதியை முள்ளால் காட்டும் டியூனரை மாட்டிப் பார்த்தால், நான் மிதிக்க மிதிக்க நான்காவது கம்பியின் முள் மெல்ல இடப்பக்கம் சாய்கிறது. கூடுதலாக இழுத்த இழுப்பில் மேஜையின் வலைத் தகடே வளைந்து, சும்மா இருக்கிற கம்பிகள் தளர்ந்துவிடுகின்றன. பெரிய விலை சொல்லும் கம்பெனி வாத்தியங்களிலும் இது கொஞ்சம் உண்டு, அவர்கள் அதை நூலிழை அளவுக்குக் குறைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மாமா சும்மா விடவில்லை, நீளத்துக்கு ஒரு ஆங்கிள் அயர்னை அடியில் வெல்டிங் வைத்தார். முள் அசையாமல் நின்றது. ஆனால் வாத்தியத்தை இப்போது ஒரு ஆள் தூக்க முடியாது. கால்களை மட்டும் ஏற்றி இறக்கி உயரம் மாற்றிக்கொள்ளலாம், அது இஸ்திரி மேஜையின் உபயம், கடையில் வாங்கும் ஸ்டாண்டில் கூட அவ்வளவு சுலபமாக வராது.

கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பையும் அவரே பழைய டிரான்ஸ்பார்மர் கம்பியில் சுற்றினார். டியூப் லைட் எரிந்தால் உர்ரென்று இரையும். கரண்ட் போகிற நேரத்தில் இரைச்சல் சுத்தமாக நின்றுவிடும், கித்தாரும் நின்றுவிடும். வழுக்குவதற்கு ஸ்பார்க் பிளக் கழற்றும் சாக்கெட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருக்கிறார், கைக்கு அடக்கமான எடை, அதற்கு மேல் வேறென்ன வேண்டும்? ஒரு உள்ளூர்க் கண்காட்சிக்கு இதைக் கொண்டுபோனோம். கண்ணாடிக்குப் பின்னால் வைத்துத் 'தொடாதீர்கள்' என்று ஒரு அட்டையையும் மாட்டிவிட்டார்கள். மாமா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், நாள் முழுக்க ஒருவரும் வாசிக்கச் சொல்லவில்லை.

நான் எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்கவில்லை. கழிப்பறை மூடி கித்தார் படத்துக்காகவே செய்தது, பார்த்தாலே தெரிகிறது. பிளாஸ்டிக் மூடி கம்பியின் இழுவையைத் தாங்காது, ஒரு வாரத்தில் வாழை மட்டை மாதிரி வளைந்துவிடும், கம்பியையும் தொளதொளவென்றுதான் கட்டியிருக்கிறார்கள். கார் கதவில் செய்ததும் அப்படித்தான், வாசிப்பவர் எங்கே உட்காருவார் என்றே யோசிக்கவில்லை. இவற்றை நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் செய்யுங்கள். காதுக்குச் செய்ததையும் கேமராவுக்குச் செய்ததையும் ஒரே பக்கத்தில் ஒரே தலைப்பில் போட்டீர்களே, அதுதான் என் வருத்தம்.

எழுத வந்ததற்கு இன்னொரு அவசரக் காரணமும் இருக்கிறது. கடைசிப் படத்தில் ஒருவர் பழைய வால்வு ரேடியோவையே ஆம்ப்ளிஃபயராக வைத்துக் கித்தாரை அதில் மாட்டியிருக்கிறார், அதைக் 'கெட்டிக்காரத்தனம்' என்று வேறு பாராட்டியிருக்கிறீர்கள். சில பழைய வால்வு ரேடியோக்களில் மின்சாரத்தைப் பிரித்துவிடும் டிரான்ஸ்பார்மரே கிடையாது, உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் நேராக 230 வோல்ட் மெயினோடு சேர்ந்திருக்கும். கித்தாரின் கம்பிகள் வயர் வழியாக அந்தச் சட்டத்தோடு இணைந்தால் என்ன ஆகும்? ஒரு கை கம்பியில், இன்னொரு கையில் இரும்புக் கட்டை, காலுக்குக் கீழே சிமெண்ட் தரை. பிளக்கை மாற்றிச் செருகினால் ஆளே போய்விடலாம். லீவு நாட்களில் பிள்ளைகள் உங்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தாத்தா ரேடியோவைக் கழற்ற உட்காருவார்கள், தயவுசெய்து அடுத்த இதழிலேயே ஒரு எச்சரிக்கை போடுங்கள். ஒன்பது வோல்ட் பாட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்ளிஃபயர் மலிவாகவே கிடைக்கிறது, வீட்டில் செய்த வாத்தியத்துக்கு அது தாராளம்.

அப்புறம் ஒரு கோரிக்கை. பொங்கலை ஒட்டி ஏதாவது நிகழ்ச்சியில் நீங்கள் ஒரு மேஜை போட்டு, படத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டு ஆளுக்கு ஐந்து நிமிஷம் வாசிக்கச் சொல்லுங்கள், உங்கள் நிருபரையும் முன்வரிசையில் உட்கார வையுங்கள். கதவுப் பலகைக்காரர் கட்டாயம் வரவேண்டும், அவர் எந்தச் சுருதியில் கட்டியிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. மாமாவும் வரத் தயார், பக்கி என்கிற சின்ன சரக்கு வண்டியை நாங்களே ஏற்பாடு செய்துகொள்கிறோம், இறக்கி வைக்க மட்டும் உங்கள் பக்கத்திலிருந்து இரண்டு ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
சாட்ஸ்வொர்த், டர்பன்