மதியம் அரை மணித் தூக்கம்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

உன் பிரிவில் டேட்டா என்ட்ரி செய்யும் 60 பேருக்கும் மதியம் அரை மணி தூங்க இடம் கேட்டு மேலிடத்துக்கு எழுதப் போவதாகச் சொன்னாய். "சென்னையிலேயே ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்சிருக்காங்கப்பா" என்றாயே, அது நல்ல ஆராய்ச்சிதான். எதோடு எதை ஒப்பிட்டார்கள் என்பதை மட்டும் பார்த்துவிட்டு எழுது.

2021-ல் குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ் இதழில் வந்தது அது. சென்னையில் குறைந்த வருமானக்காரர்கள் 452 பேருக்கு ஒரு மாதம் டேட்டா என்ட்ரி வேலை கொடுத்து, தூக்கத்தை அளக்கும் கருவியைக் கையில் கட்டி அனுப்பினார்கள். இரவில் படுக்கையில் கிடந்தது 8 மணி நேரம், தூங்கியது ஐந்தரை. புழுக்கம், கொசு, தெருச் சத்தம், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்மறைப்பு, காதடைப்பான், மின்விசிறி என்று கொடுத்து, சிலருக்கு ஊக்கப்பணமும் கொடுத்துப் பார்த்ததில் இரவுத் தூக்கம் 27 நிமிடம் கூடியது. வேலையில் பலன் ஒன்றும் தெரியவில்லை. முன்கூட்டியே கணிக்கச் சொன்னபோது வல்லுநர்கள் நல்ல பலன் வரும் என்றுதான் சொல்லியிருந்தார்கள்!

பலன் கொடுத்தது வேலை இடத்தில் போட்ட மதியக் குட்டித் தூக்கம். தட்டச்சு வேகம் ஏறியது, மனநிலையும் தேறியது. தூங்காதவர்களின் அரை மணி மட்டும் இரண்டு விதமாகக் கழிந்தது: சும்மா ஓய்வு, இல்லையென்றால் வேலை. ஓய்வோடு ஒப்பிட்டால் தூங்கியவர்களுக்கு வருமானம் கூடுதல். வேலையைத் தொடர்ந்தவர்களோடு ஒப்பிட்டால் குறைவு. வேகம் ஏறியது உண்மைதான், ஆனால் போன அரை மணியை ஈடுகட்டும் அளவுக்கு ஏறவில்லை.

உன் ஆபீசுக்குக் கணக்குப் போடு. 480 நிமிட ஷிப்டில் 30 நிமிடம் போனால் நேரத்தில் 6.25 சதவீதம் போச்சு. மீதி 450 நிமிடத்தில் வேகம் 6.7 சதவீதம் ஏறினால்தான் அன்றைய வேலை பழைய அளவுக்கு வரும். அவ்வளவு எதிர்பார்க்காதே. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கும் இடமானால் அந்த நஷ்டம் நேரே தொழிலாளி தலையில் விழும். அதனால் புதிதாக அரை மணி கேட்காமல், ஏற்கெனவே விடும் மதிய இடைவேளையிலேயே படுக்க இடம் கேள். ஆய்வு உனக்குத் துணை நிற்பது அந்த இடத்தில்தான்.

அப்புறம், எடுத்த எடுப்பில் 60 பேருக்கும் கொடுத்துவிடாதே. கொடுத்துவிட்டால் ஒப்பிட ஆள் இருக்காது. அந்த மாதம் எளிய கோப்புகள் வந்திருந்தால் அந்தப் பெருமையும் தூக்கத்துக்கே போகும். முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல், ஒவ்வொருவரும் ஒரு மணி நேரத்தில் ஏற்றும் பதிவுகளை மட்டும் குறி. வேகப்படி வரிசையாக அடுக்கி, ஒரே ஷிப்டில் அடுத்தடுத்து வரும் இரண்டிரண்டு பேரை ஜோடியாக்கி, ஜோடிக்கு ஒரு தடவை நாணயம் சுண்டு, யாருக்கு விழுகிறதோ அவருக்குப் படுக்கை. டீம் லீடரிடம் ஆள் பொறுக்கச் சொன்னால் கெட்டது காரியம். சோர்ந்தவர்களையோ செல்லப்பிள்ளைகளையோதான் பொறுக்குவார். மற்ற 30 பேருக்கும் அதே இடைவேளை உண்டு, படுக்கை மட்டும் இல்லை. நான்கு வாரம் கழித்து அவர்கள் முறை என்று முதல் நாளே சொல்லிவிடு, புகைச்சல் அடங்கும்.

பெயர் வந்தும் தூங்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருப்பவர் சிலர் இருப்பார்கள். அவர்களைக் கணக்கிலிருந்து எடுக்காதே. எடுத்தால் சுலபமாகத் தூங்குகிறவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள், சுண்டிய நாணயம் வீண். முதல் வாரக் கணக்கைத் தனியாக வை, புதுசு என்கிற உற்சாகம் அதில் கலந்திருக்கும். வேகத்தை மட்டும் பார்த்தால் பிழை கூடுவது தெரியாது. நூற்றுக்கு ஐந்து பதிவுகளை இன்னொருவரை விட்டு மறுபடி ஏற்றச் சொல்லி ஒத்துப் பார்.

இன்னொன்று, 60 பேர் சின்ன எண்ணிக்கை. ஆளுக்கு ஆள் வேகத்தின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்பதன் அளவு) 20 சதவீதம் என்றால், 30-க்கு 30 வைத்து நேராக ஒப்பிடும்போது சுமார் 14 சதவீதத்துக்குக் குறைந்த மாற்றம் பெரும்பாலும் பிடிபடாது. ஒவ்வொருவரையும் அவரவருடைய முதல் இரண்டு வார வேகத்தோடு ஒப்பிட்டால் அந்த 14 சதவீதம் பாதிக்கும் கீழே இறங்கலாம். அப்படியும் ஒன்றும் தெரியாவிட்டால் "பலன் இல்லை" என்று எழுதாதே, "எங்கள் அளவுகோலுக்குப் பிடிபடவில்லை" என்று எழுது. மேலிடத்துக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

முதல் இரண்டு வாரக் கணக்கை நாணயம் சுண்டும் முன் எனக்கு அனுப்பு. ஜோடி சேர்த்ததில் ஷிப்ட் கலந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா