என் பெயரில் விழுந்த பிடி அரிசி

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும் எங்கள் தெருவாருக்கும் ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு கோயில் விருந்தான அசனப் பந்தியில் என் வீட்டுக்காரர் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருப்பீர்கள். கறிக்குழம்பு இரண்டாம் தடவை கேட்டு வாங்கினதையும் பார்த்திருப்பீர்கள். ஒன்பது மாதத்துக்கு அப்புறம் அவர் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட்ட முதல் சாப்பாடு அது. ஆளாளுக்கு வந்து என் கையைப் பிடித்தீர்கள். அழுகை முட்டிக்கொண்டு வந்ததில் யாருக்கும் ஒழுங்காக ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டேன். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்த மடல்.

லோடு ஆட்டோ கவிழ்ந்தது, தொடை எலும்பு முறிந்தது, கம்பி வைத்தது, புண் ஆறாமல் மறுபடியும் ஆபரேஷன் பண்ணியது எல்லாம் உங்களுக்குத் தெரியும். ரத்தம் கொடுத்த தம்பிமார், காசு வாங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போன ஆட்டோக்காரத் தம்பி, தைக்கக் கொடுத்த துணியைத் தாமதம் என்று திருப்பி வாங்காத அக்காமார், எல்லாருக்கும் நன்றி.

உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. முதல் மூன்று மாதம் நான் ஜெபமே பண்ணவில்லை. கர்த்தரோடு எனக்குச் சண்டை ஒன்றும் கிடையாது. அசதி, அவ்வளவுதான். ராத்திரி எட்டு மணி குடும்ப ஜெபம் முதலில் நின்றது. வேதப்புத்தகத்தின் மேல் மாத்திரை அட்டை ஏறியது, அதன் மேல் எக்ஸ்ரே கவர், அதற்கும் மேல் அடகுக்கடைச் சீட்டு. வருகிறவர்கள் "உன் விசுவாசம் பெரிய விசுவாசம்" என்பார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். மூத்திரச் சட்டி கழுவிக்கொண்டு நிற்கிறவளுக்கு அப்போது வேண்டியிருந்தது ஒரு மணி நேரத் தூக்கம்.

அந்த நாளில் என்னைத் தாங்கினவர்களில் ஒருவர் மணி அடிக்கிற அண்ணாச்சி. அவருக்கே இது தெரியாது. விடிய ஐந்து மணிக்கு அவர் அடிக்கிற கோயில் மணிதான் எனக்கு மாத்திரை கொடுக்கிற அலாரம். ஐப்பசி அடைமழையிலும் ஒரு நாள் தப்பவில்லை. "இந்த மழையில யாரு அண்ணாச்சி வரப்போறா, எதுக்கு நனையுதீக?" என்று ஒருநாள் கேட்டேன். "அடிக்கது என் சோலி. வாரதும் வராததும் ஒங்க சோலி" என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். அன்று முழுக்க அது காதில் கிடந்தது.

அடுத்து எங்கள் உபதேசியார் ஐயா. புதன்கிழமைதோறும் வருவார். நீண்ட ஜெபம் பண்ண மாட்டார். அதற்கே தனியாக ஒரு நன்றி. முதல் நாள் வழக்கம்போல 'கர்த்தர் என் மேய்ப்பர்' என்கிற 23-ஆம் சங்கீதம் வாசிப்பார் என்று நினைத்தேன். அவர் 88-ஐ வாசித்தார். வாசித்துப் பாருங்கள், மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியிலாவது ஒரு வெளிச்சம் வரும், இதில் முடிவு வரைக்கும் இருட்டுதான். "இதுவும் வேதத்துலதாம்மா இருக்கு. ஒன்னால ஜெபிக்க முடியலன்னா இத வாசி, போதும்" என்றார். பழைய ஜெபப்புத்தகத்தில் 150 சங்கீதங்களையும் 30 நாளுக்குக் காலை, மாலை என்று பங்கு வைத்திருக்கிறார்கள். அதை ஒரு நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். 88-ஆம் சங்கீதம் 17-ஆம் தேதி காலையில் வருகிறது. 176 வசனம் உள்ள 119-ஆம் சங்கீதத்தை 24-ஆம் தேதி மாலை தொடங்கினால் 26 வரை போகும். மாதத்துக்கு 31 நாள் வந்தால் 30-ஆம் தேதிக்கு உள்ளதையே திரும்ப வாசிக்க வேண்டும். இன்றைக்கு மனசு எப்படி இருக்கிறது, எதை வாசிக்கலாம் என்று யோசிக்கிற வேலை இல்லை. தேதி எதைச் சொல்கிறதோ அதை வாசி. எனக்கு அப்போது தேவைப்பட்டது அதுதான். அந்தத் தாள் இப்போது எண்ணெய்க் கறையோடு அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

பாய் வீட்டு மதினிக்கு என்ன சொல்ல? நோன்பு மாதத்தில் விடியுமுன் சாப்பிடுகிற சஹருக்கு எழுந்திருக்கும்போது எங்கள் வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டுவார். "நான் முழிச்சுத்தான இருக்கேன், நீ ஒரு மணி நேரம் கட்டையைச் சாய்" என்பார். அவருக்குக் காய்ச்சல் அடித்த நாளிலும் தொழுகை விட்டுப்போனதை நான் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டில் ஐந்து வேளையும் ஒருவர் நேரம் தவறாமல் எழுந்தால், நமக்கு எட்டு மணி ஜெபத்தை விட்டுவிட வெட்கம் வராதா?

ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளியூரிலிருந்து வந்த ஒருவர், அறிக்கை பண்ணாத பாவம் ஏதோ இருக்கிறது, அதனால்தான் புண் ஆறவில்லை என்று கட்டில் பக்கத்தில் நின்று முக்கால் மணி நேரம் சொன்னார். சர்க்கரை கூடியிருக்கிறது, அதனால்தான் ஆறவில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் உன் பாவமே காரணம் என்று அவனைக் குத்தினார்கள். அந்த வெளியூர்க்காரர் கொண்டுவந்த ஆரஞ்சுப் பழத்துக்கு மட்டும் நன்றி.

டோனாவூரில் வேலை பார்க்கிற நர்ஸ் தங்கை சொன்ன கதை என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டது. அங்கே பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மா 1931-இல் விழுந்து அடிபட்டவர், 1951-இல் சாகும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயேதான் இருந்தாராம். கல்லறைக்குக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால், குருவிகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, 'அம்மா' என்று மட்டும் பொறித்திருக்கிறார்கள். "இருபது வருசம்! நான் ஒம்பது மாசத்துக்கே ஒன்ன இந்தப் பாடு படுத்துதேன்" என்றார் இவர். மறுநாள் யாரும் சொல்லாமலே வாக்கரைக் கேட்டார். தெருமுனை வரை போனால் மெஞ்ஞானபுரம் கோயிலின் 192 அடி கோபுரம் தெரியும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் அவருடைய முதல் கணக்கு. பதினோரு நாள் பிடித்தது.

கடைசியாகச் சித்தி. பெண்கள் ஐக்கிய சங்கத்துக்காக வீடு வீடாகப் பிடி அரிசி வாங்குகிறவர். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் போடுவது என் மாமியார் காலத்துப் பழக்கம். அக்டோபரில் அதுவும் நின்றுபோனது. சித்தி வந்து வெறுங்கலயத்தை எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விடுவார். ஏப்ரலில் துணி அளவு எழுத அவருடைய நோட்டை வாங்கிப் புரட்டினேன். என் பெயருக்கு நேரே அக்டோபர் 1 கிலோ, நவம்பர் 1 கிலோ என்று மார்ச் வரை வரிசையாக எழுதியிருந்தது. அத்தனையும் அவர் வீட்டு அரிசி.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "என்னைக் கேக்காம ஏன் போட்டீக?" என்றேன். "நோட்டுல ஒன் வீடு விட்டுப்போகக் கூடாதுல்லா" என்றார். அன்று ராத்திரி ரேஷன் அரிசியில் ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் போட்டேன். அடியில் விழுந்த சத்தம் கேட்டது. எட்டு மணிக்கு மூன்று பேரும் உட்கார்ந்தோம். பத்தே நிமிடம், பையன் பாதியில் தூங்கிவிட்டான், ஆனாலும் உட்கார்ந்தோம்.

போன வாரம் ஆறு கிலோ அரிசியோடு சித்தி வீட்டுக்குப் போனேன். வாங்க மாட்டேன் என்று சாதித்துவிட்டார். நோட்டைத் திறந்து இன்னொரு வீட்டுப் பெயரைக் காட்டி, "இவளுக்கு ரெண்டு மாசமா முடியல. அந்தக் கணக்குல போட்டுட்டுப் போ" என்றார். எந்த வீடு என்று கேட்காதீர்கள்.

வருகிற சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம். உபதேசியார் ஐயா நடத்துகிறார், ஆகவே சீக்கிரம் முடிந்துவிடும். எல்லாரும் வாருங்கள். மதினியும் வருகிறார், சுண்டல் அவர் பொறுப்பு. நாற்காலி ஆறுதான் இருக்கிறது. முடிந்தவர்கள் ஒரு பாய் கொண்டு வாருங்கள்.

உங்கள் சகோதரி,
தையல்காரி