கலிலேயாவில் ஒரு வீச்சு

அன்பு மகளுக்கு,

புனித பூமிப் பயணம் முடிந்து, நேற்று விடியக்காலையில் திருவனந்தபுரத்தில் இறங்கி, பத்து மணிக்கெல்லாம் முட்டம் வந்து சேர்ந்துவிட்டோம். போனில் எல்லாம் சொல்லி முடியாது, அதனால் எழுதுகிறேன்.

போகும்போது முதலில் யோர்தான் நாட்டு அம்மான் விமான நிலையத்தில் நாங்கள் 42 பேர் இறங்கினோம். எல்லோருக்கும் ஒரே மஞ்சள் தொப்பி, கழுத்தில் அட்டை. முன்னால் பங்குச் சாமியார், பின்னால் நம்ம தெருக்காரர்கள். அப்படி இருந்தும், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு ஏதோ கேட்டபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சாமியார் வந்து பதில் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. நாற்பது வருசம் கடலில் கிடந்தவன் நான். ஒரு மேசைக்கு முன்னால் அப்படி நின்றது இதுதான் முதல் தடவை.

வெளியே வந்தால் ஒரு தென்னை கிடையாது. கண்ணுக்கு எட்டிய மட்டும் சுண்ணாம்பு நிறத்தில் மொட்டை மலைகள். நெபோ மலையில் ஜெபம் முடித்து, மறுநாள் பாலம் தாண்டி இஸ்ரவேலுக்குள் போனோம். யோர்தான் ஆற்றைக் காட்டியபோது அம்மா நம்பவே இல்லை. தேங்காப்பட்டணத்தில் கடலில் விழுகிற நம்ம ஆற்றில் பாதிகூட இருக்காது. நம்ம பக்கத்து ஏ.வி.எம். கால்வாய் மாதிரி கலங்கலாய், ஒடுக்கமாய் ஓடுகிறது.

கலிலேயாக் கடல் உப்பில்லாத ஏரிதான். 21 கிலோமீட்டர் நீளம், அகலம் 13. அலை இல்லை, இரைச்சல் இல்லை. கையில் அள்ளிக் குடித்துப் பார்த்தேன், குளத்துத் தண்ணீர். இதிலா இயேசுவின் சீடர்கள் புயலுக்குப் பயந்து அலறினார்கள் என்று சின்ன வயதிலிருந்து கேட்ட கதைமேல் எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. மதியத்துக்கு மேல் காற்று மாறியது மக்களே. மேற்கே மலை இடுக்கிலிருந்து இறங்கி வந்தது, கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கறுத்து, நாங்கள் ஏறியிருந்த படகு ஆடத் தொடங்கியது. அந்த ஏரி கடல் மட்டத்துக்குக் கீழே 200 மீட்டருக்கு மேல் பள்ளத்தில் கிடக்கிறது, சுற்றிலும் மலை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நம்ம பக்கம் காற்று எப்படிப் பாய்ந்து வருமோ, அதே மாதிரிதான். காற்றாலை நிற்கிற முப்பந்தலைப் பார்த்தவனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஓகிப் புயலில் போனவர்களை நினைத்துக்கொண்டேன். 2017 முழுக்க மனசுக்குள் வந்து போயிற்று.

படகுக்காரர் வீச்சு வலை வீசிக் காட்டினார். என் கையைப் பார்த்திருப்பார் போல, வலையை என்னிடம் நீட்டினார். நம்ம வலையைவிடக் கனம் குறைவு, ஈயக்குண்டுகள் சின்னது. ஒரு மடிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பைத் திருப்பி வீசினேன். வட்டமாய் விரிந்து விழுந்தது. இழுத்தால் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மனுசர் என் தோளைத் தட்டினார். அதுவரை என் பாஸ்போர்ட்டைத்தான் எல்லோரும் பார்த்தார்கள், இவர்தான் என்னைப் பார்த்தார்.

1986-இல் வறட்சியில் ஏரி வற்றியபோது சேற்றில் கிடைத்த ஒரு பழைய படகையும் பார்த்தோம். இயேசு காலத்துப் படகு என்கிறார்கள், எட்டு மீட்டருக்குச் சற்று மேல். ஒட்டுக்கு மேல் ஒட்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மரம். கையில் காசு இல்லாதவன் கிடைத்த பலகையை வைத்து அடைத்த வள்ளம் அது. உன் தாத்தாவின் வள்ளமும் அப்படித்தான் இருந்தது.

எருசலேமைப் பற்றி அம்மா சொல்வாள். ஒலிவ மலைக் கோயிலில் பல மொழிகளில் கர்த்தர் கற்பித்த ஜெபம் இருக்கிறது. அதில் தமிழைக் கண்டதும் நம்ம பெண்கள் அழுதுவிட்டார்கள்.

மகளே, நீ நர்ஸ் வேலைக்கு அயர்லாந்தில் இறங்கிய அன்று, "நல்லா வந்து சேர்ந்துட்டேன்ப்பா" என்று மட்டும் சொன்னாய். சரி என்று போனை வைத்துவிட்டேன். உனக்கு முன்னால் சாமியார் இல்லை, பின்னால் தெருக்காரர் இல்லை. அந்த மேசையில் உன்னிடம் என்ன கேட்டார்கள்? வெளியே வந்ததும் யார் வழி காட்டினார்கள்? அன்றைக்கு ராத்திரி என்ன சாப்பிட்டாய்? ஒன்றும் விடாமல் எழுது.

உன் அப்பா